மட்டசனமும் ஒரு கிண்ணம் இரசமும்

தலையான பாவங்கள் ஏழையும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் ஞானோபதேச வகுப்பில் ஒரே மூச்சில் ஒப்பித்த தலைமுறை எங்களுடையது. அகங்காரத்துக்கு எதிர் தாழ்ச்சி, லோபித்தனத்துக்கு எதிர் உதாரம், கோபத்துக்கு எதிர் பொறுமை என்று வரிசையாகச் சொல்லி வருகையில், போசனப்பிரியத்துக்கு எதிர் மட்டசனம் என்ற இடத்தில் மட்டும் நாக்குச் சற்றே தடுமாறும். அச்சொல்லின் பொருளை அந்நாளில் நாங்கள் கேட்டதில்லை, உபதேசியாரும் விளக்கியதில்லை. பிற்காலத்தில் தமிழாசிரியனாகப் பணியாற்றியபோதுதான் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. அளவறிந்து உண்பதே மட்டசனம். பட்டினி கிடப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. வெறுத்து ஒதுக்குவது என்றும் பொருள் இல்லை. போசனத்தில் பிரியம் வைப்பது பாவமாகும்போது, அதற்கு மருந்தாகத் திருச்சபை நமக்குக் கற்பித்தது அளவு என்னும் புண்ணியமே.

இந்தப் பழைய சொல்லை அறுபத்திரண்டாம் வயதில் நான் மீண்டும் எடுத்துத் தூசி தட்ட நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தராசு. ஆத்தூரில் மருத்துவரின் அறையில் இருந்த அந்தத் தராசு என் எடையை எண்பத்தாறு கிலோ என்று காட்டியது. என் உயரம் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை உடல் நிறை குறியீடு என்கிறார்கள். நம் நாட்டவருக்கு அது 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை. 25-ஐத் தாண்டினால் உடற்பருமன். என் குறியீடு முப்பத்தொன்றரைக்கும் மேல். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, நான் என் வேட்டிக் கட்டைச் சற்று மேலே இழுத்துவிட்டுக் கொண்டேன். இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நின்றது. சர்க்கரை இன்னும் வரவில்லை. ஆனால் வாசற்படியில் நிற்கிறது என்றார் அவர்.

வாசற்படியில் அது நிற்பது என் வீட்டில் மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு ஒன்று 2023-இல் வெளியாயிற்று. நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல், நீரிழிவு உடையவர்கள் என்பது அதன் முடிவு. நம் கெங்கவல்லிப் பக்கத்துச் சாப்பாட்டைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மூன்று வேளையும் அரிசி. இடையிடையே அவித்த மரவள்ளிக் கிழங்கு. விழா என்றால் சவ்வரிசிப் பாயசமும் வடகமும். நூறு கிராம் சவ்வரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. அதில் பெரும்பகுதி வெறும் மாவுச்சத்தே. கிழங்கு பிடுங்கி, வண்டி ஏற்றி, நாள் முழுதும் வெயிலில் உழைத்த எங்கள் பாட்டன்மாருக்கு அந்த மாவுச்சத்து எரிபொருளாயிற்று. நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்திய எனக்கோ அது இடுப்பில் சேமிப்பாயிற்று.

மருத்துவர் ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 1600 கலோரி. சோறு ஒரு வேளை மட்டும், அதுவும் அளந்து. காலையில் இரண்டு இட்லியோ கம்பங்கூழோ. இரவில் இரண்டு சப்பாத்தியும் காய்கறியும். எண்ணெய் மாதம் அரை லிட்டருக்கு மேல் ஒருவருக்குக் கூடாது. தினமும் முக்கால் மணி நேரம் நடை. சுவேத நதிக்கரை ஓரமாகப் பச்சைமலையைப் பார்த்தபடி நடக்கும் வழக்கம் எனக்கு அப்படித்தான் வாய்த்தது. செப்டம்பரில் தொடங்கினேன், டிசம்பர் நடுவில் எண்பத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டேன். இன்னும் ஐந்து குறைய வேண்டும்.

அந்த நேரத்தில்தான் புதுச்சேரியிலிருந்து சம்பந்தி வீட்டு அழைப்பு வந்தது. என் மகளை அங்கே கொடுத்திருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாங்கள் அங்கே சென்று, புத்தாண்டுக்கு அவர்கள் இங்கே வருவது என்று ஏற்பாடு. சம்பந்தியின் குடும்பம் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கவழக்கங்களை இன்றும் விடாமல் காப்பது. அவர்கள் வீட்டில் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தால் பெரியவர்கள் முன்னே ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணத்தில் சிவந்த திராட்சை இரசம் வைக்கப்படும். அது அங்கே மயக்கத்துக்காக அன்று, பண்டிகையின் அடையாளமாக. இரண்டாவது கிண்ணம் ஊற்றப்பட்டதை நான் அந்த வீட்டில் கண்டதில்லை. அந்த ஒரு கிண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதை இங்கே மறைப்பானேன்? துவர்ப்பும் புளிப்பும் கலந்த அந்தச் சுவையில், அடுப்பில் வெந்து வரும் இறைச்சியின் மணமும், பேத்தியின் சிரிப்பும், குடிலின் முன் எரியும் மெழுகுவர்த்தியும் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன.

"திட்டம் என்ன ஆகும்?" என்று கேட்டாள் என் மனைவி. எங்கள் வீட்டில் நிறுவைத் தட்டும் நோட்டுப்புத்தகமும் அவள் பொறுப்பில் இருந்தன.

மருத்துவரிடமே கேட்டேன். அவர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். உடல் மெலிவதற்கு மது எவ்வகையிலும் உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. சிவப்புத் திராட்சை இரசம் இதயத்துக்கு நல்லது என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அந்த நம்பிக்கையைப் பெரிதும் தளர்த்திவிட்டன. ஆகவே மருந்து என்று எண்ணி ஒருவரும் அருந்தத் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மது அருந்தினால் இரத்தச் சர்க்கரை திடீரென்று ஆபத்தான நிலைக்குத் தாழக்கூடும். கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்தவர்களும் தொடலாகாது. "உங்களுக்கு இவை இரண்டும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, உணவோடு, ஒரே ஒரு கிண்ணம் என்றால் அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்; கணக்கில் எழுதாத எதையும் அருந்தாதீர்கள்" என்று முடித்தார்.

கணக்கில் எழுதுவது எப்படி? ஆசிரியப் புத்தி விடவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். ஒரு கிராம் மாவுச்சத்து நமக்கு 4 கலோரி தருகிறது. கொழுப்பு 9 தருகிறது. மதுவின் சாராயச் சத்தோ 7 தருகிறது. அதாவது மது மாவைவிடக் கொழுப்புக்கே நெருங்கிய உறவு. இனிப்பில்லாத திராட்சை இரசத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சாராயச் சத்து இருந்தால், 150 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 125 கலோரி அடங்கும். இது நூறு கிராம் சோற்றுக்குச் சமம்; இட்லிக் கணக்கில் இரண்டு இட்லிக்கும் சற்று மேல். என் எடையுள்ள ஒருவன் இதை எரிக்க இரண்டு கிலோமீட்டராவது நடக்க வேண்டும்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி அடங்கியிருக்கிறது. நாள்தோறும் ஒரு கிண்ணம் என்றால் மாதத்தில் 3750 கலோரி. அரைக் கிலோ எடை. மாதமெல்லாம் கஞ்சி குடித்து ஒன்றரைக் கிலோ குறைப்பவனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே போய்விடும். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரு கிண்ணம் என்றால் அது நான்கு மாத உழைப்பில் ஒரு தூசு. ஆகவே திட்டத்தைக் கெடுப்பது திருநாள் அன்று. திருநாளைத் தினசரி ஆக்கிக் கொள்ளும் மனமே.

கிண்ணத்தோடு கூட வரும் தோழர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வறுத்த முந்திரி ஒரு கைப்பிடி, கிண்ணத்தைவிடக் கூடுதல் கலோரி கொண்டது. மது பசியைக் கிளறும். போதும் என்ற எண்ணத்தைத் தளர்த்தும். அது மட்டுமன்று. மதுவைச் சேமித்து வைக்க உடலில் இடம் இல்லை. ஆதலால் கல்லீரல் மற்ற வேலைகளை நிறுத்திவைத்துவிட்டு முதலில் அதையே எரிக்கிறது. அவ்வளவு நேரமும் கொழுப்பு கரையும் வேலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. விருந்துண்ட இரவில் கொழுப்புக்கு ஓய்வு கிடைக்கிறது என்றே சொல்லலாம்.

வீட்டில் தயாரிக்கும் இனிப்பான திராட்சை இரசத்தில் சாராயம் குறைவு, ஆகவே கெடுதியும் குறைவு என்று நம் குடும்பங்களில் பலர் எண்ணுகிறார்கள். எடையைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு கிலோ சர்க்கரை என்று சேர்த்தால் சர்க்கரையில் மட்டும் 4000 கலோரிக்கு அருகில் இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடுகிறதே என்பார்கள். தின்னும் சர்க்கரையின் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாராயமாக உருமாறி அப்படியே தங்கிவிடுகிறது; தின்னாமல் விட்டது இனிப்பாக நிற்கிறது. எங்கும் எதுவும் மாயமாவதில்லை. அத்தகைய இரசம் இரண்டரை லிட்டர் கிடைத்தது என்றால், ஒரு கிண்ணத்தில் 250 கலோரிக்குக் குறையாது. இனிப்பில்லாத இரசத்தைப்போல் இரு மடங்கு! இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். உரிமம் இன்றி மது தயாரிப்பது, வீட்டுக்குள்ளே ஆயினும், நம் மாநிலத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றமே. திருப்பலிக்கான இரசம் அரசின் அனுமதியோடு தயாராவது. அதைச் சாக்காகக் காட்டி நாம் சீசா நிரப்ப இயலாது.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது சேலத்து மக்களாகிய நாம் சற்று நிமிர்ந்து உட்காரலாம். 1937 அக்டோபர் முதல் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். சேலத்தில் வழக்குரைஞராகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த இராஜாஜி, மாகாண முதலமைச்சரானதும் தம் சொந்த மாவட்டத்தையே அந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, ஏழைக் குடிசைகளைக் குடி எப்படி அழிக்கிறது என்பதை அவர் அருகிலிருந்து கண்டவர். கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. பின்னர் நடந்ததை எல்லாரும் அறிவோம். 1971-இல் விலக்குத் தளர்ந்தது. 1974-இல் மீண்டும் இறுகியது. 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் அரசு வாணிபக் கழகம் தோன்றியது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அரசின் கையிலேயே வந்தன. எந்த மண்ணில் முதலில் கடை மூடப்பட்டதோ, அந்த மண்ணின் ஊர்களில் இன்று மாலை நேரத்தில் கடை வாசலில் கூட்டம் நிற்கிறது. வேலையிலிருந்து வீடு திரும்பும் தகப்பனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்தில், எந்த அப்பா வருவார் என்ற கேள்வி எழுதியிருப்பதை வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் வாசித்தவன் நான்.

அப்படியானால் விவிலியம் என்ன சொல்கிறது? நம் பிரிந்த சகோதரர்களில் சிலர் கேட்பதுபோல, ஒரு துளியும் பாவமா? அல்ல என்பதே திருச்சபையின் தொன்றுதொட்ட போதனை. மனித உள்ளத்தை மகிழ்விக்கும் இரசத்தைத் தந்ததற்காகச் சங்கீதம் இறைவனைப் புகழ்கிறது. சீராக் ஆகமம் முப்பத்தோராம் அதிகாரத்தில், அளவோடு அருந்தினால் அது வாழ்வு என்றும், அளவு மீறினால் கசப்பும் சண்டையும் என்றும் ஒரே மூச்சில் எச்சரிக்கிறது. புனித சின்னப்பர் தீமோத்தேயுவின் வயிற்று நலத்துக்காகச் சிறிதளவு பயன்படுத்தும்படி எழுதினார். கானாவூரில் நம் ஆண்டவர் செய்த முதல் புதுமையே ஆறு கற்சாடிகளின் தண்ணீரை இரசமாக்கியது. இக்காலக் கணக்கில் அது ஐந்நூறு லிட்டருக்கும் மேல். ஊரெல்லாம் கூடிக் கொண்டாடிய கலியாணத்துக்கு அவர் தாராளமாகத் தந்தார். இறுதி இராவுணவில் அதே இரசத்தைத் தம் திரு இரத்தமாகவே அளித்தார். படைப்பில் தீயது எதுவும் இல்லை. படைப்பை நாம் கையாளும் முறையில்தான் தீமை நுழைகிறது.

ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய புனித ஆசீர்வாதப்பர், நாற்பதாம் அதிகாரத்தில் இரசத்துக்கு அளவு குறித்தார். ஒரு துறவிக்கு ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர். துறவிகளுக்கு அது தகாது என்பதே மூத்தோர் கருத்து. ஆயினும் அதை இக்காலத்தவர் ஏற்கச் செய்வது அரிதாதலால், வயிறு நிறையக் குடிக்காமல் அளவோடாவது அருந்தட்டும் என்பது அவர் கூறியதன் சாரம். விலகி நிற்கும் வரம் பெற்றவர்களுக்குத் தனிக் கைம்மாறு உண்டு என்றும் சேர்த்தார். மனித பலவீனத்தை அறிந்த ஒரு தந்தையின் குரல் அது.

இவ்வளவும் படித்தபின் எனக்கு ஒரு கிண்ணத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றே தோன்றியது. மருத்துவரும் சம்மதித்தார், கணக்கும் சம்மதித்தது, விவிலியமும் தடுக்கவில்லை. புதுச்சேரியில் அந்த நள்ளிரவில், உணவோடு, மெல்ல, ஒரே ஒரு கிண்ணம் அருந்தினேன். சோற்றில் ஒரு பங்கையும் கேக்கையும் விட்டுவிட்டேன். முந்திரித் தட்டை மனைவி தூர நகர்த்தி வைத்தாள். மறுநாள் காலை கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். நோட்டில் எழுதப்பட்டது, திட்டம் சாயவில்லை. உண்மையைச் சொன்னால், அளவு குறித்து அருந்திய அந்தக் கிண்ணம் முன்னைய ஆண்டுகளைவிட அதிகம் இனித்தது. வேறொன்றும் இல்லை என்று தெரிந்தால் ஒவ்வொரு துளியும் கவனத்தைப் பெறுகிறது. போசனப்பிரியன் விழுங்குகிறான், மட்டசனம் உள்ளவனே சுவைக்கிறான்.

ஆனால் புத்தாண்டுக்கு அவர்கள் கெங்கவல்லிக்கு வருவதாகப் பேச்சு வந்தபோது, சம்பந்தி வழக்கமான அன்போடு, "அங்கேயும் விருந்து நம் முறைப்படியே இருக்கட்டுமே" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டு மேசையில் என் தம்பியும் உட்காருவான்.

என் தம்பி மரவள்ளி பயிரிடுகிறவன். ஒரு காலத்தில் கிழங்கு விற்ற பணம் வீடு வந்து சேர்வதற்குள் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அந்த ஆண்டுகளைப் பற்றி விரித்துச் சொல்வது அவனுக்கும் அவன் மனைவிக்கும் நியாயமாகாது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் அவன் குடியை விட்டான். 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளர் இருவர் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய கூட்டுறவு ஒன்று உண்டு. இன்று உலகெங்கும் கூடும் அத்தகைய கூட்டம் ஒன்றில்தான் அவனுக்குக் கைகொடுத்தார்கள். இன்று ஒருநாள் மட்டும் குடிக்கமாட்டேன் என்று தினமும் காலையில் புதிதாகத் தீர்மானிப்பதே அவர்கள் வழி. எனக்கு ஒரு கிண்ணம் 125 கலோரி. அவனுக்கு அந்த முதல் கிண்ணத்தில் அடங்கியிருப்பது பதினோர் ஆண்டுகள், ஒரு வீடு, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள்.

இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தவர் தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய இராபர்ட் தெ நோபிலி அடிகள். உரோமையில் உயர்குடியில் 1577-இல் பிறந்தவர். 1606-இல் மதுரைக்கு வந்தவர். இரசம் இல்லாமல் உணவே இல்லை என்னும் நாட்டில் வளர்ந்த அவர், இங்கே இறைச்சியையும் மீனையும் முட்டையையும் மதுவையும் அறவே விட்டார். ஒரு வேளை, சோறும் காய்கறியும், அவ்வளவே. பரங்கியர் என்றால் கண்டதைத் தின்று குடிப்பவர் என்று மக்கள் வெறுத்த காலம் அது. அந்த வெறுப்பு நற்செய்திக்குத் தடையாக நிற்கக் கூடாது என்று அவர் தம் நாக்கை அடக்கினார். இரசம் பாவம் என்று அவர் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் பலிபீடத்தில் அதைக் கையில் ஏந்தியிருப்பாரா? அவருடைய முறையைக் குறித்த வழக்கு உரோமை வரை சென்று, 1623 ஜனவரி 31-ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசரின் சாசனத்தால் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அதே 1623-இல்தான் அவர் மதுரையை விட்டு வடக்கே நடந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். நம் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலைக்கு அப்புறம் சேந்தமங்கலம். இந்தச் சேலத்து மண்ணில் நற்செய்தியைக் கொணர்ந்த பாதங்கள், பிறருக்காகத் தமக்கு உரியதை விட்டவருடைய பாதங்கள்.

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபம் பதினான்காம் அதிகாரத்தை அன்று இரவு செபமாலைக்குப் பின் வீட்டில் வாசித்தோம். இறைச்சி உண்பதாலோ இரசம் அருந்துவதாலோ என் சகோதரன் இடறி விழுவான் என்றால் அதை விட்டுவிடுவதே நலம் என்னும் கருத்து அங்கே வருகிறது. எத்தனையோ முறை கோயிலில் கேட்ட வாசகம்தான். சகோதரன் என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்தபோது அது வேறு வாசகமாயிற்று. தராசும் நோட்டும் என் உடம்பை மட்டுமே நிறுத்தன. மேசையில் என்னோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவை கேட்கவில்லை. அதைக் கேட்பது அன்பு ஒன்றே.

சம்பந்திக்குத் தொலைபேசியில் காரணத்தைச் சொன்னேன். ஒரு நொடி மௌனத்துக்குப் பின், "சம்பந்தி, இதை நீங்கள் சொன்னதற்கு நன்றி, நானும் அவருக்காக அன்று விடுகிறேன்" என்றார். புத்தாண்டன்று பன்னீர் திராட்சையை நீர் விட்டுக் காய்ச்சி, வடிகட்டி, கிராம்பும் பட்டையும் சிறிது இஞ்சியும் சேர்த்து, சர்க்கரை போடாமல் அதே கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்தாள் என் மனைவி. பிரெஞ்சுக் குரு ஒருவர் 1832-இல் நம் மாநிலத்துக்குக் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் திராட்சை அது. கம்பம் பள்ளத்தாக்கின் அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லாருக்கும் ஒரே கிண்ணம், ஒரே நிறம்.

தம்பி கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணா, எனக்காக ஒளித்து வைக்கிறீர்களோ என்றுதான் பயந்தேன். திறந்து வைத்த சீசாவைவிட ஒளித்து வைத்த சீசாதான் அதிகம் மணக்கும்" என்றான். ஒளிக்கவில்லை, இந்த வீட்டில் இன்று இல்லை என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைக் காலி செய்து, மறுபடியும் நீட்டினான். அவன் மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டதை நான் பாராததுபோல் இருந்தேன்.

இந்த அனுபவத்தால் எனக்குத் தெளிந்த சிலவற்றைக் குடும்பத் தலைவர்கள், தலைவியர் முன் வைக்கிறேன்.

எடையைக் குறைக்க முனைந்தவர் மதுவைக் கணக்கில் சேர்க்காமல் விடலாகாது. அது தண்ணீர் அன்று, உணவு. இதுவரை பழகாதவர் எந்த நன்மையையும் எதிர்பார்த்துப் பழக வேண்டாம். பழகியவர் தம் மருத்துவரைக் கேட்டு, நாளைக் குறைத்து, அளவைக் குறித்து, உணவோடு மட்டும் கொள்ளட்டும். "ஒரு கிண்ணத்தில் நிறுத்த முடிகிறதா?" என்று தம்மையே கேட்டுக் கொள்ளட்டும். நிறுத்த முடியவில்லை என்றால் அது கலோரிக் கணக்கு அன்று. உதவி தேட வேண்டிய நோய். அதை வெட்கமின்றிப் பங்குத்தந்தையிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும்.

குடியை விட்டவர்கள் திருவிருந்தில் திரு இரத்தத்தைப் பெறாமற்போனால் ஏதோ குறைந்துவிட்டது என்று கலங்க வேண்டாம். அப்ப வடிவில் மட்டும் பெற்றாலும் கிறிஸ்து முழுமையாகவே வருகிறார் என்பது திருச்சபையின் விசுவாசம். அத்தகைய துன்பம் உடைய குருக்களுக்குக்கூட, மிகச் சிறிதே புளித்த திராட்சைச் சாற்றைப் பயன்படுத்த ஆயர் அனுமதி தரலாம் என்று 2003-இல் உரோமை வழிகாட்டியுள்ளது. தாய்த் திருச்சபை பலவீனரை வெளியே நிறுத்துவதில்லை. அவருக்காக மேசையைச் சற்று மாற்றி அமைக்கிறாள். நம் வீட்டு மேசையும் அதைக் கற்றுக்கொள்ளலாமே.

தவக்காலம் வரும்போது இன்னொன்றையும் சிந்திக்கலாம். பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கே விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி கடமை. எனக்கு அந்தக் கடமை தீர்ந்துவிட்டது. சுத்தபோசனம் மட்டும் உண்டு. ஆயினும் மருத்துவர் சொன்னதற்காக நாள்தோறும் சோற்றை அளக்கிறவன், ஆண்டவருக்காக அளக்கத் தயங்குவானா? இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. உடல் மெலிய உண்ணாதிருப்பவன் மிச்சமானதைத் தன் நலத்தில் சேர்க்கிறான். ஒருசந்தி இருப்பவன் மிச்சமானதைப் பசித்தவன் கையில் சேர்க்கிறான். ஒரே கஞ்சிதான், நோக்கம் வேறு. அந்த இரு நோக்கங்களையும் ஒன்றாக இணைக்க முடியும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நான் விட்ட கேக்கின் விலையும், விட்ட நொறுக்குத் தீனியின் விலையும் இப்போது வீட்டில் ஓர் உண்டியலில் விழுகின்றன. தவக்கால முடிவில் அது தேவைப்படும் ஒரு குடும்பத்துக்குச் செல்லும்.

தராசு இன்று எழுபத்தொன்பதரை காட்டுகிறது. அது இன்னும் இறங்கலாம், சற்று ஏறவும் செய்யலாம், வயதான உடம்பு. ஆனால் நாம் யாவரும் ஒருநாள் ஏறி நிற்க வேண்டிய வேறொரு தராசு உண்டு. அங்கே கேட்கப்படப்போவது எத்தனை கிலோ என்றோ, எத்தனை கலோரி என்றோ அன்று. பசித்தவனுக்கு உண்ணக் கொடுத்தாயா, தாகமுற்றவனுக்குக் குடிக்கக் கொடுத்தாயா என்பதோடு, தள்ளாடிய உன் சகோதரன் நிமிர்ந்து நடக்க உன் கிண்ணத்தைச் சற்று நகர்த்தி வைத்தாயா என்றும் அவர் கேட்பார் என்றே நம்புகிறேன்.